குணமான பின் இதயத்துக்குக் காவல்

சிறு வயதில் புற்றுநோய் வந்து சிகிச்சையில் குணமானவர்களுக்குப் பிற்காலத்தில் வரும் பெரிய ஆபத்துகளில் ஒன்று இதய நோய். புற்றுநோயை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இவர்களது அகால மரணத்துக்கு முன்னணிக் காரணம் அதுதான். புற்றுநோயை விரட்டிய அதே கீமோ மருந்தும் அதே கதிர்வீச்சுமே பெரும்பாலும் இந்த இதய நோயைக் கொண்டுவருகின்றன. படித்து, வேலைக்குப் போய், கல்யாணம் முடித்து, ஆஸ்பத்திரி வாசனையே மறந்துபோன வயதில் அது மெல்லத் தலைகாட்டுகிறது. இடைப்பட்ட அந்த நீண்ட காலத்தில் இவர்களது இதயத்தைக் கவனித்துக்கொள்ளக் கணினிப் பதிவேடு, கைபேசி, ஸ்மார்ட் வாட்ச் போன்றவை எவ்வளவு உதவும் என்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல ஆண்டுகளாகச் சோதித்து வருகிறார்கள். சில நல்ல பலன் தந்திருக்கின்றன. சில, விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை.

இப்படி ஒரு பிரச்சினை எழுந்ததே மருத்துவத்தின் வெற்றியால்தான். 1948இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அமினாப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்து, தற்காலிகமாகவேனும் நோய் தணிவதைக் காட்டினார். (அந்த வகை மருந்துகளை உருவாக்கிய லெடர்லே ஆய்வகத்தின் ஆராய்ச்சித் தலைவர் எல்லப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.) அதற்குமுன் அந்நோய் வந்த குழந்தை சில மாதங்களில் இறந்துபோவதுதான் வழக்கம். இன்று பணக்கார நாடுகளில் புற்றுநோய் வரும் குழந்தைகளில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் குணமாகிறார்கள். பிழைத்தால் போதும் என்றிருந்த காலத்தில், முப்பது ஆண்டு கழித்து என்ன ஆகும் என்று கணக்குப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பிழைத்தவர்கள் பெரியவர்களான பிறகே கணக்கு தெரியவந்தது.

இதயத்தைப் பாதிப்பவற்றில் முதலாவது ஆந்த்ராசைக்ளின் என்ற மருந்துக் குடும்பம். டாக்சோரூபிசின், டானோரூபிசின் இரண்டும் அதில் பிரபலமானவை. இத்தாலியில் எடுத்த மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து அறுபதுகளில் பிரித்தெடுக்கப்பட்டவை. டிரிப்பில் சிவப்பாக ஏறும். ஏற்றிய பிறகு சிறுநீரும் சிவந்து போகும். ரத்தப் புற்றுநோய், ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய், எலும்புப் புற்றுநோய், மார்பகப் புற்றுநோய் என்று பலவற்றுக்கும் இன்றுவரை இவை முக்கிய மருந்துகளாக இருக்கின்றன. சிறு வயதில் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்த மருந்தை வாங்கியவர்கள்.

செல் பிரியும்போது மரபிழையின் முறுக்கை அவிழ்த்துவிடும் ஒரு நொதியை இந்த மருந்து முடக்குகிறது. வேகமாகப் பெருகும் புற்றுநோய் செல் அதில் செத்துவிடும். அதே நொதியின் இன்னொரு வடிவம் இதயத் தசைச் செல்லிலும் உண்டு. மருந்து அதையும் பிடித்துக்கொள்வதால், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா கெடுகிறது. தோலைப் போலவோ ரத்தத்தைப் போலவோ இதயத் தசை புதிதாக முளைப்பதில்லை. போன செல் போனதுதான். எஞ்சிய செல்கள் கூடுதல் சுமையை ஏற்றுக்கொண்டு பல ஆண்டுகள் சமாளிக்கின்றன. பெரியவரின் இதயத்துக்கே இது கஷ்டம். குழந்தையின் இதயமோ உடம்போடு சேர்ந்து வளரவும் வேண்டும். உடம்பு வளர்ந்துவிடும், தசை அந்த அளவுக்குத் தடிக்காது. இதயச் சுவர் மெலிந்து, ஒரு கட்டத்தில் அழுத்தித் தள்ளும் வலு குறைகிறது. ஐந்து வயதுக்கு முன் மருந்து வாங்கியவர்களுக்கும் பெண்களுக்கும் ஆபத்து சற்றுக் கூடுதல்.

இரண்டாவது, மார்பில் கொடுக்கும் கதிர்வீச்சு. இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் தமனிகள், வால்வுகள், இதயத்தைச் சுற்றியுள்ள உறை எல்லாவற்றையும் அது தொட்டுவிடும். முப்பது, நாற்பது வயதிலேயே மாரடைப்பு வருவதற்கு இது ஒரு காரணம். மருந்து, கதிர்வீச்சு இரண்டும் வாங்கியவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவு ஆபத்து இல்லை. இந்த விஷயத்தில் அச்சாணியே இதுதான். ஆந்த்ராசைக்ளினை உடம்பின் பரப்பளவைக் கணக்கிட்டுக் கொடுப்பார்கள்: ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று. சிகிச்சைக் காலம் முழுவதும் ஏறிய மொத்த அளவு 250 மில்லிகிராமை எட்டினால் அதிக ஆபத்து. 100 முதல் 250 வரை நடுத்தரம். 100க்குக் கீழே குறைவு. 14 வயதில் தொடை எலும்பில் புற்றுநோய் வந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். உலகெங்கும் வழக்கத்தில் உள்ள சிகிச்சைப்படி அவளுக்கு டாக்சோரூபிசின் 75 மில்லிகிராம் வீதம் ஆறு சுற்று ஏறும். மொத்தம் 450. ஆபத்து குறைந்த வகை ரத்தப் புற்றுநோய் வந்த ஐந்து வயதுப் பையனுக்கு 25 வீதம் மூன்று தடவை, ஆக 75தான் ஏறியிருக்கும். இருவரும் புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள்தான். ஆனால் அந்தப் பெண் வாழ்நாள் முழுவதும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எக்கோ (ஒலியலையால் எடுக்கும் இதயப் படம்) எடுக்க வேண்டியவள். அந்தப் பையனுக்கு, மார்பில் கதிர்வீச்சு கொடுக்கவில்லை என்றால், எக்கோ கண்காணிப்பே தேவைப்படாமல் போகலாம். அமெரிக்காவின் குழந்தைப் புற்றுநோய் மருத்துவர்கள் கூட்டமைப்பும், பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து உருவாக்கிய வழிகாட்டுதலும் ஏறக்குறைய இதையே சொல்கின்றன. நடுத்தர ஆபத்துள்ளவர்களுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒரு எக்கோ.

ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை உலகுக்குக் காட்டியது, டென்னசி மாநிலம் மெம்ஃபிஸில் உள்ள செயின்ட் ஜூட் குழந்தைகள் ஆராய்ச்சி மருத்துவமனையை மையமாகக் கொண்டு நடக்கும் தொடராய்வு. 1970ஆம் ஆண்டு முதல் புற்றுநோய் கண்டறியப்பட்டுக் குறைந்தது ஐந்து ஆண்டு உயிரோடிருந்த ஆயிரக்கணக்கானோரை அது பின்தொடர்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க அவர்களின் உடன்பிறந்தவர்களையும் சேர்த்துக்கொண்டது புத்திசாலித்தனம். அதே வீடு, அதே சாப்பாடு, புற்றுநோய் மட்டும் இல்லை. 2006இல் வெளியான அதன் அறிக்கையில், உடன்பிறந்தவர்களைவிட இவர்களுக்கு இதயச் செயலிழப்பு வரும் வாய்ப்பு 15 மடங்கு, இதயத் தமனி நோய் 10 மடங்கு என்று தெரியவந்தது. அதே மருத்துவமனையின் இன்னொரு ஆய்வு 2017இல் சொன்னது இதைவிட நடைமுறைக்கு நெருக்கமானது: சிறு வயதில் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களில் 50 வயதுக்குள் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு உயர் ரத்த அழுத்தம் வந்துவிடுகிறது. ஆந்த்ராசைக்ளினால் ஏற்கெனவே மெலிந்த இதயத்தோடு பிரஷரும் சேர்ந்தால், ஆபத்து கூடுவதில்லை, பெருகுகிறது.

இதைத் தடுக்க ஒரு மாத்திரை இருந்தால் கதை சுலபமாக முடிந்திருக்கும். அதிக அளவு மருந்து வாங்கியவர்களுக்குக் கார்வெடிலால் என்ற இதய மாத்திரையைக் குறைந்த அளவில் இரண்டு ஆண்டு கொடுத்துப் பார்த்த சோதனையின் முடிவு 2024இல் வந்தது. எதிர்பார்த்த பலன் தெரியவில்லை. ஆக, கையில் உள்ளவை இரண்டே வழி: கெடுதல் தொடங்கும்போதே எக்கோவில் பிடித்து மருந்து ஆரம்பிப்பது, பிரஷர், சர்க்கரை, கொழுப்பு, உடல் எடை, புகை ஆகியவற்றைக் கட்டுக்குள் வைத்து இதயத்தின் மேல் வேறு சுமை ஏறாமல் பார்த்துக்கொள்வது. இரண்டுக்கும் பல பத்தாண்டு விடாமுயற்சி வேண்டும். டிஜிட்டல் கருவிகளுக்கு இங்கே வேலை வருகிறது.

விடாமுயற்சி ஏன் அறுந்துபோகிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும். சிகிச்சை நடந்தபோது நோயாளிக்கு நான்கு வயது, ஃபைல் அம்மாவிடம். பதினெட்டு வயதில் குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாற வேண்டும். அங்கே அவரைத் தெரிந்தவர் யாருமில்லை. வேலைக்காக வேறு ஊர். காய்ச்சலுக்குப் போகும் டாக்டரிடம் “சின்ன வயசில் ஏதோ கேன்சர் இருந்ததாம்” என்று சொல்லலாம். என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று கேட்டால் பதில் இருக்காது. அந்த டாக்டரும் தன் அனுபவத்தில் இப்படி ஒருவரையோ இருவரையோதான் பார்த்திருப்பார். அறிகுறியும் ஏமாற்றும். 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இதயம் தளரும்போது மூச்சுத்திணறல், நெஞ்சுவலியைவிடக் குமட்டல், வாந்தி, வயிற்று வலி முந்திக்கொண்டு வரலாம். அல்சர் என்று நினைத்து மருந்து எழுதிக்கொடுத்து அனுப்பிவிட இது போதும்.

எனவே முதல் கருவி எந்தப் பளபளப்பும் இல்லாத ஒன்று: சிகிச்சைச் சுருக்கம். ஹூஸ்டனின் பேலர் மருத்துவக் கல்லூரியும் டெக்சாஸ் குழந்தைகள் மருத்துவமனையும், மேற்சொன்ன கூட்டமைப்போடு சேர்ந்து உருவாக்கிய ‘பாஸ்போர்ட் ஃபார் கேர்’ என்ற இணையத் திட்டம் இதைத்தான் செய்கிறது. நோயின் பெயர், நோயாளியின் வயது, ஒவ்வொரு மருந்தும் ஏறிய மொத்த அளவு, கதிர்வீச்சு பாய்ந்த இடமும் அளவும், நடந்த அறுவை சிகிச்சை ஆகியவற்றைச் சிகிச்சை தந்த மருத்துவமனை உள்ளிடும். வழிகாட்டுதல் நூலின் நூற்றுக்கணக்கான பக்கங்களிலிருந்து அந்த ஒருவருக்குப் பொருந்துவதை மட்டும் எடுத்து, எந்தச் சோதனை, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை, எதைக் கவனிக்க வேண்டும் என்று திட்டம் பட்டியல் தருகிறது. நூல் திருத்தப்படும்போது பட்டியலும் மாறும். ஆவணத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு எந்த டாக்டரிடமும் காட்டலாம். ஐரோப்பாவில் ‘சர்பாஸ்’ என்ற இதே மாதிரியான பதிவேடு இத்தாலியில் தொடங்கி, 2021 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் ஜெர்மனி, ஸ்பெயின், லித்துவேனியா உள்ளிட்ட ஆறு நாடுகளில் சோதிக்கப்பட்டது. கணினியே கணக்கைப் போட்டுக்கொள்வதிலும் ஒரு வசதி உண்டு. ஆந்த்ராசைக்ளின்கள் எல்லாம் ஒரே வீரியமுள்ளவை அல்ல. டானோரூபிசினின் கெடுதல், அதே எடையுள்ள டாக்சோரூபிசினில் பாதியைச் சற்றே தாண்டும். அவற்றோடு சேர்த்துக் கணக்கிடப்படும் மைட்டோக்சான்ட்ரோனுடையதோ பத்து மடங்கு. மூன்று மருந்து மாறி மாறி வாங்கியவரின் மொத்தத்தை மனக்கணக்காகப் போட்டால் தப்பாகிவிடும்.

இதன் அடுத்த படி ஆபத்துக் கணிப்பான். செயின்ட் ஜூட் தொடராய்வின் தரவை வைத்து 2015இல் உருவானது முதல் கணிப்பு. ஆணா பெண்ணா, எந்த வயதில் நோய் வந்தது, ஆந்த்ராசைக்ளின் எவ்வளவு, மார்பில் கதிர்வீச்சு எவ்வளவு என்று சொன்னால், 40 வயதுக்குள் இதயச் செயலிழப்பு வரும் வாய்ப்பு குறைவா, நடுத்தரமா, அதிகமா என்று சொல்லும். பிறகு மாரடைப்பு, பக்கவாதம் இரண்டுக்கும் 50 வயது வரையிலான கணிப்பு சேர்ந்தது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு எச்சரிக்கை: இது எழுபதுகள், எண்பதுகளின் அமெரிக்க நோயாளிகளிடமிருந்து பிறந்த கணக்கு. வேறு மக்களுக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது. டாக்டரோடு பேச ஒரு தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம்.

தகவல் கையில் இருந்தால் மட்டும் மக்கள் எக்கோவுக்குப் போய்விடுவார்களா? இதற்கு விடை தந்த சோதனை 2014இல் வெளியானது. ஆபத்து உள்ளவர்கள், ஆனால் ஐந்து ஆண்டாக இதயப் பரிசோதனைக்கே போகாதவர்கள், மொத்தம் 472 பேர். எல்லோருக்கும் அவரவர் சிகிச்சைச் சுருக்கமும் அறிவுரையும் தபாலில் போயின. பாதிப் பேருக்குக் கூடுதலாக, பயிற்சி பெற்ற செவிலியர் இரண்டு தடவை போன் செய்து பேசினார். ஏன் போகவில்லை, என்ன தடை, என்ன பயம் என்று கேட்டார். ஓராண்டு கழித்துப் பார்த்தால், காகிதம் மட்டும் வாங்கியவர்களில் 22 சதவீதம் பேர் பரிசோதனை செய்திருந்தார்கள். போனும் வந்தவர்களில் 52 சதவீதம். இதற்குப் பின் வந்த எத்தனையோ செயலிகளைவிட இந்தச் சாதாரண போன் அழைப்பின் பலன் பெரிது. சலித்துப்போன ஒரு தொழில்நுட்பத்தை வைத்து ஒரு மனுஷி பேசியதே போதுமாக இருந்தது. இந்தத் துறையில் இதுவரை வந்த ஆய்வுகளில் தமிழ்நாட்டுச் சுகாதார நிர்வாகிகள் முதலில் படிக்க வேண்டியது இதுதான்.

கைக்கடிகாரத்தின் கதை வேறு. உடற்பயிற்சி இவர்களுக்குப் பயன் தரும் என்பதில் சந்தேகம் குறைவு. சிறு வயதில் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா வந்து மீண்ட 1,187 பேரைக் கவனித்த ஆய்வில், வாரம் மூன்று நாள், தடவைக்கு இருபது நிமிடமாவது வியர்க்க விறுவிறுக்கப் பயிற்சி செய்தவர்களுக்குப் பெரிய இதய நோய்கள் சுமார் பாதியாகக் குறைந்திருந்தன. திடமானவர்கள்தான் பயிற்சி செய்ய முடிகிறது என்பதும் இதில் கலந்திருக்கலாம்; ஆனாலும் எண் சிறியதல்ல. பயிற்சியை எப்படித் தொடர வைப்பது என்பதே கேள்வி. சியாட்டிலில் புற்றுநோயிலிருந்து மீண்ட 14 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளிடம் ஃபிட்பிட் பட்டையைக் கொடுத்து, அவர்களுக்கென்றே ஒரு ஃபேஸ்புக் குழுவும் அமைத்துப் பத்து வாரம் பார்த்தார்கள். 2017இல் முடிவு வெளியானது. பிள்ளைகள் விரும்பிக் கட்டிக்கொண்டார்கள், ஆர்வம் கூடியது. ஆனால் பட்டை கட்டாதவர்களோடு ஒப்பிட்டால், நிஜமாக உடம்பை அசைத்த நேரத்தில் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. சிறிய ஆய்வுதான். இருந்தாலும் பட்டை காலடிகளை எண்ணும், நடக்க வைக்காது என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. இன்னும் சிறிய பிள்ளைகளுக்கு, பட்டையோடு ஓர் இணையதளத்தையும் இணைத்து, நடந்த அளவுக்குப் புள்ளியும் பரிசும் கொடுத்துப் பார்க்கும் பெரிய சோதனையை அமெரிக்கக் கூட்டமைப்பு மேற்கொண்டது.

பயிற்சியிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. வாட்ச் கொடுக்கும் இலக்கு பொது மக்களுக்கானது. அதிக அளவு ஆந்த்ராசைக்ளின் வாங்கியவர் ஜிம்மில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பெரிய எடை தூக்குவதற்குமுன் இதய மருத்துவரைக் கேட்க வேண்டும். நடை, சைக்கிள், நீச்சல், பந்து விளையாட்டு போன்றவற்றில் பெரும்பாலும் தடையில்லை. மார்பில் கதிர்வீச்சு வாங்கியவர்களில் சிலருக்கு ஓய்வில் இருக்கும்போதே நாடித்துடிப்பு வேகமாக இருக்கும், பயிற்சிக்குப் பின் இறங்கவும் நேரமாகும். வாட்ச் காட்டும் துடிப்பைப் பிறருடையதோடு ஒப்பிடாமல், தன்னுடைய போன மாதத்து எண்ணோடு ஒப்பிடுவதே பொருத்தம். உட்கார்ந்திருக்கும்போது துடிப்பு வாரக்கணக்கில் ஏறிக்கொண்டே போனால், அது டாக்டரிடம் சொல்ல வேண்டிய செய்தி.

வாட்சில் ஈசிஜி எடுக்கலாம் என்பது பலரைக் கவர்கிறது. 2018இல் அமெரிக்க அரசின் அனுமதி பெற்ற ஆப்பிள் வாட்சின் வசதி, விரலை ஓரத்துக் குமிழில் 30 விநாடி வைத்தால் ஒற்றைக் கோட்டு ஈசிஜி தரும். மருத்துவமனையில் எடுப்பது பன்னிரண்டு கோடு. வாட்ச் தேடுவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சேர்த்து நடத்திய ஆய்வில், 40 வயதுக்கு உட்பட்டவர்களில் எச்சரிக்கை வந்தது 0.16 சதவீதம் பேருக்குத்தான். 65ஐத் தாண்டியவர்களுக்கு 3 சதவீதத்துக்கு மேல். கீமோவால் வரும் முக்கியக் கோளாறோ துடிப்பின் ஒழுங்கைப் பற்றியதல்ல. இதயம் ஒவ்வொரு தடவையும் எவ்வளவு ரத்தத்தைத் தள்ளுகிறது என்பதைப் பற்றியது. அதை வாட்ச் அளப்பதில்லை. ‘எல்லாம் சரி’ என்று வாட்ச் சொன்னதால் எக்கோவைத் தள்ளிப்போடுவது, கருவி வாங்கியதால் வரும் புது ஆபத்து.

இந்த இடைவெளியை நிரப்பச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு முயற்சிகள் நடக்கின்றன. செயின்ட் ஜூட் ஆய்வாளர்கள் 2021இல், குணமானவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் சாதாரண ஈசிஜிகளைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்து, பிற்பாடு யாருக்கு இதயத் தசை நோய் வரும் என்பதை நல்ல துல்லியத்தோடு பிரிக்க முடிவதைக் காட்டினார்கள். மனிதக் கண்ணுக்கு நார்மலாகத் தெரிகிற ஈசிஜியிலும் தடயம் இருக்கிறது என்பது இதன் பொருள். லாஸ் ஏஞ்சலஸ் அருகேயுள்ள சிட்டி ஆஃப் ஹோப் மருத்துவமனை 2018இல், கழுத்துத் தமனியின் மேல் வைத்து நாடி அலையைப் பதிவுசெய்யும் ‘விவியோ’ என்ற கையடக்கக் கருவியை 191 பேரிடம் எம்ஆர்ஐயோடு ஒப்பிட்டுப் பார்த்து நம்பிக்கையான முடிவை வெளியிட்டது. வாட்சின் ஒற்றைக் கோட்டிலிருந்தே தளர்ந்த இதயத்தைக் கண்டுபிடிக்க மேயோ கிளினிக் 2022இல் முயன்றது. சோதித்த நானூற்றுச் சொச்சம் பேரில் தளர்ந்த இதயம் உள்ளவர்கள் 16 பேர் மட்டுமே, அவர்களும் பொதுவான நோயாளிகள். எக்கோ வசதி நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊர்களில் இவை ஒருநாள் பெரிய உதவியாக வரலாம். இன்றைக்கு எக்கோவுக்கு மாற்று இல்லை.

வீட்டில் வைத்துக்கொள்ள ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால், வாட்சைவிட முந்த வேண்டியது முழங்கைக்கு மேல் பட்டை கட்டிப் பார்க்கும் டிஜிட்டல் பிரஷர் கருவி. பிரஷர் இவர்களுக்குச் சீக்கிரமே வருகிறது, அறிகுறி இல்லாமல் வருகிறது, மாத்திரையில் கட்டுப்படுகிறது. பார்க்கும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். காபி குடித்த உடனே, மாடியேறி வந்த உடனே, பேசிக்கொண்டே, சட்டைக் கையின் மேலேயே பட்டையைக் கட்டிப் பார்த்தால் எண் கூடித்தான் காட்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் மேஜை மேல் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார்க்க வேண்டும். பட்டை கையின் சுற்றளவுக்குப் பொருந்த வேண்டும். பருமனான கைக்குச் சிறிய பட்டை பொய் சொல்லும். வளர்ந்தவர்களுக்கு வீட்டுச் சராசரி 135க்கு 85ஐத் தாண்டினால் டாக்டரைப் பார்க்க வேண்டும். சிறுவர்களுக்கு வயதையும் உயரத்தையும் பொறுத்து வேறு கணக்கு. எண்களைக் கைபேசியில் சேர்த்து வைத்து அனுப்பும் கருவிகளும் உண்டு. நாட்குறிப்பில் எழுதினாலும் அதே பலன்.

கர்ப்பம் தனியாகச் சொல்ல வேண்டியது. கர்ப்ப காலத்தில் ரத்தத்தின் அளவு கூடி இதயத்தின் வேலை ஏறுகிறது. அதுவரை சமாளித்துவந்த இதயம் அப்போதுதான் திணறத் தொடங்கலாம். ஆந்த்ராசைக்ளினோ மார்புக் கதிர்வீச்சோ வாங்கிய பெண்கள் கருத்தரிக்கும் முன்போ முதல் மூன்று மாதத்துக்குள்ளோ எக்கோ எடுத்துவிட வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டுதல். கல்யாணச் சந்தையை நினைத்துச் சிறுவயது நோயை மறைத்துவைக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்வதும் சொல்லாததும் அவர்கள் பாடு. மகப்பேறு மருத்துவரிடம் மறைப்பது உயிரோடு விளையாடுவது.

இந்தக் கருவிகளுக்கு வேறு விலையும் உண்டு. பதினாறு வயதில் மரணத்தைப் பக்கத்தில் பார்த்துவிட்டு வந்த ஒருவரின் மணிக்கட்டில், ஒவ்வொரு துடிப்பையும் காட்டும் பெட்டியை மாட்டிவிட்டால் சிலருக்கு அது தைரியம் தரும். சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். அடிக்கடி பார்த்துப் பயப்படுகிறவருக்கு அதைக் கழற்றச் சொல்வதும் சிகிச்சைதான். அந்தரங்கம் இன்னொரு விஷயம். கடையில் வாங்கும் வாட்சின் செயலியில் சேரும் தகவலுக்கு, மருத்துவமனை ஃபைலுக்கு உள்ள பாதுகாப்பு அமெரிக்காவிலேயே கிடையாது. இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பொதுவாக ஒப்புதல் இல்லாமல் தகவலைப் பயன்படுத்தக் கூடாது என்றும், 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்றும் சொல்கிறது. ‘சம்மதம்’ என்ற பொத்தானை அழுத்துமுன் எதற்குச் சம்மதம் என்று பார்ப்பது நல்லது.

இந்தியாவில் குழந்தைப் புற்றுநோயிலிருந்து மீள்பவர்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் கூடுகிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை, சிகிச்சை முடிந்தவர்களுக்கென்றே தனி கிளினிக்கை 1991இலேயே தொடங்கிவிட்டது. வேறு இடங்களில் சிகிச்சை பெற்றவர்களுக்கு இத்தகைய கண்காணிப்பை அமைக்கத் தேவையான கூறுகள் பலவும் நாட்டில் சிதறலாக இருக்கின்றன. ‘ஆபா’ என்ற 14 இலக்க அரசு சுகாதார எண்ணில் மருத்துவ ஆவணத்தைச் சேர்த்து வைக்கலாம். ‘இ-சஞ்சீவனி’ என்ற அரசு சேவை வழியாக வீடியோவில் டாக்டரிடம் பேசலாம். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர்கள் வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை பார்க்கிறார்கள். அவர்களது படிவத்தில் “சிறு வயதில் புற்றுநோய் சிகிச்சை பெற்றவரா?” என்ற ஒரு கேள்வி சேர்ந்து, ஆம் என்றவருக்கு ஆண்டுக்கு இரண்டு போன் அழைப்பு போனால், புதுச் செயலி எதுவும் தேவைப்படாது.

அதுவரை குடும்பங்கள் தாங்களே செய்துகொள்ளக்கூடியது ஒன்று இருக்கிறது. கீமோ முடிந்து வீட்டுக்குப் போகும் நாளில், டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒவ்வொரு மருந்தின் மொத்த அளவையும், கதிர்வீச்சின் இடத்தையும் அளவையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பல ஆண்டுக்கு முன்பே சிகிச்சை முடிந்திருந்தால், அந்த மருத்துவமனையின் ஆவணப் பிரிவுக்கு இப்போதே எழுதிக் கேளுங்கள். பழைய ஃபைல்களை எந்த மருத்துவமனையும் என்றென்றும் வைத்திருப்பதில்லை. கிடைத்ததைப் போட்டோ எடுத்துப் பிள்ளையின் கைபேசியில் ஏற்றிவிட்டு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அந்தப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுங்கள்.